கெட்டிலில் தெரிந்த வெள்ளைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடற்கரைச் சாலையில் நம் கூட்டம் வரைய உட்காரும்போதெல்லாம் என்னைக் கேலி செய்வது உங்களுக்கு வழக்கம். நீங்கள் மஞ்சள் சுவர், காகிதப்பூ, வெள்ளை ஜன்னல் என்று வரைந்து தள்ளுவீர்கள். நான் பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக்கொண்டு, தபால் அட்டை அளவுத் தாளில், இருபது நிமிடத்தில் ஒன்றை முடிப்பேன். "கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வெங்காயம் வரையற ஒரே ஆளு ஊர்லயே இவதான்" என்பீர்கள். சிரிப்பேன். போன வாரம் ஒருத்தி என் நோட்டு முழுவதையும் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "ஏன்டி, இத்தன படத்துல ஒரு எவர்சில்வர் டம்ளர் கூட இல்லியே. மண்ணு, துணி, காய்கறி. பளபளன்னு எதுவுமே இல்ல. உனக்கு வராதா?"

வராது என்று சொன்னேன். பொய். நன்றாகவே வரும். அந்தக் கேள்விக்கான உண்மையான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இருபத்துநாலு வயதில் பழைய கதையா என்று சிரிக்காதீர்கள். "நம்ம ஸ்கூல் படிக்கிறப்ப" என்று இப்போதே பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்ட கூட்டம்தானே நாம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசலிலிருந்து ஓடினால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிற வீடு. கீழே முன்கட்டில் பெரியத்தாவும் பெரியம்மாவும். பின்கட்டில் ஒற்றை அறையில் அம்மாவும் நானும். அத்தா, என் அப்பா, துபாயில் இருந்தார். மாடியில் ஒரே ஓர் அறை, அதற்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. அந்த அறை சாச்சாவுக்கும் சாச்சிக்கும். சாச்சா என்றால் என் அத்தாவின் தம்பி. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. ஒரு மழை நாள் சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது லாரி இடித்துவிட்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் வீட்டுக்கு வெள்ளைத் துணியில் வந்தார்.

அதற்குப் பிறகு சாச்சிக்கு இத்தா. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. புருஷன் மவுத்தானால் எங்களில் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அலங்காரம் கிடையாது, வெளியே போவது கிடையாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. எங்கள் வீட்டில் பெரியத்தா கூட அந்நிய ஆண்தான், அதனால் அவர் சாச்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மாடிப்படியில் நின்று, பாதி சாத்திய கதவைப் பார்த்துப் பேசுவார். உள்ளேயிருந்து குரல் வரும்.

சாச்சியின் அண்ணன் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். நாற்பதாம் நாளே வந்து, தங்கச்சிக்கு வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். இத்தா முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அன்றுதான் சாச்சி கதவுக்குப் பின்னாலிருந்து முதல்முறையாகத் தனக்காக ஒன்று கேட்டார்.

"மச்சான், பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூல்ல டிராயிங் சொல்லிக்கொடுக்க ஆளு கேக்குறாங்க. நான் போறேன். இந்த ரூம்லயே இருந்துக்கிறேன். எங்கயும் அனுப்பாதீங்க."

பெரியத்தா கொஞ்ச நேரம் படிக்கட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "இத்தா நல்லபடியா முடியட்டும். அந்த ரூம் உனக்குத்தான். நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். வாக்கு தவறாத மனிதர். நடந்தது எல்லாவற்றுக்கும் பிறகும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சாச்சி வரைந்தது உள்ளங்கை அளவு அட்டைகளில். பெரியத்தாவுக்குக் கல்யாணப் பத்திரிகைக் கடை. பத்திரிகை அட்டையை வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைக் கட்டாகக் கட்டி அவரே கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் மினுக்கும், மறுபக்கம் தந்த நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில்தான் வரைவார். வண்ணப்பெட்டி சாச்சா வாங்கிக்கொடுத்தது. ஊரைவிட்டுப் போன யாரோ வெள்ளைக்காரம்மாவுடைய பெட்டியாம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய செருப்புகளுக்கு நடுவில் கிடந்ததாம். பதினெட்டுக் குழல்கள், பாதி காய்ந்துபோனவை. பேரெல்லாம் பிரெஞ்சில். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்திருந்த திமிரில் நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுவேன். அடர்பழுப்புக் குழலில் 'தெர் தோம்ப்ர்' என்று போட்டிருந்தது. தெர் என்றால் மண், ஓம்ப்ர் என்றால் நிழல் என்று சொன்னேன்.

"நிழல் மண்ணா? நல்லாத்தான் பேரு வெச்சிருக்கான்" என்றார் சாச்சி. அன்றிலிருந்து அதை அந்தப் பேரில்தான் கேட்பார். "அந்த நிழல் மண்ணை எடு புள்ள."

ஒரு நாளைக்கு ஓர் அட்டை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மேற்கு ஜன்னலின் மரச்சட்டங்கள் வழியாக வெயில் சாய்ந்து விழும். அது மேசையைத் தாண்டிச் சுவருக்குப் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம். பென்சில் கோடு போடமாட்டார். கண்ணைப் பாதி மூடிப் பொருளைப் பார்ப்பார், பிறகு தூரிகையை நிறையத் தண்ணீரில் தோய்த்து ஒரே இழுப்பு. பூண்டு என்றால் நாலு இழுப்பு. எலுமிச்சை மூடி என்றால் மூன்று. கிட்டேபோய்ப் பார்த்தால் வெறும் கறை, இரண்டடி தள்ளி நின்றால் பூண்டு உருண்டு கீழே விழுந்துவிடும் போலிருக்கும். முடித்ததும் பின்பக்கம் நாள் எண்ணைப் போட்டு, ஜன்னல் விளிம்பில் காயவைத்து, மறுநாள் பேரீச்சம்பழ டப்பாவில் அடுக்குவார். நாட்காட்டியில் கிழிப்பதற்குப் பதில் அட்டையில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் நல்லா முடிச்சாதான் இன்னா சாச்சி? காம்பெல்லாம் போட்டு?" என்று கேட்டேன் ஒரு நாள்.

"காம்பு இருக்குன்னு உனக்குத் தெரியுதில்ல?"

"தெரியுது."

"அப்ப எதுக்கு?"

பொருளைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அவரால் கீழே வந்து தேட முடியாதே. பள்ளிக்கூடம் விட்டதும் பச்சை பினபோரும் சிவப்பு ரிப்பனுமாக அப்படியே சமையல்கட்டைக் கொள்ளையடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். இஞ்சி, முட்டை, கொய்யா, உடைந்த பல்பு, சாச்சாவின் கண்ணாடிக் கூடு, அவருடைய பைக் சாவி. சாவியை வரைந்த அன்று மட்டும் இரண்டு அட்டை கெட்டுப்போயிற்று.

பெரியம்மா இதைத் தடுக்கவில்லை. "சுவத்தைப் பாத்துக்கிட்டுப் பைத்தியமா ஆவறதுக்கு இது மேல். உசிர் உள்ளத மட்டும் வரையாத. மத்தது இன்னா வேணா வரஞ்சிக்க" என்று அனுமதி கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் உயிருள்ளதன் உருவப் படம் கிடையாது, காலண்டரில் இருக்கிற கிளிக்குக்கூட ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பார். அதனால் நான் ஒரு நாள் மத்தி மீனைக் கொண்டுபோகும்போது படிக்கட்டிலேயே பிடித்துவிட்டார்.

"எங்கடி தூக்கிட்டுப் போற?"

"வரையறதுக்கு. செத்துதான போச்சு பெரியம்மா?"

"செத்தது சரி. கண்ணு முழிச்சிப் பாக்குதே!"

வழக்கு பெரியத்தாவிடம் போயிற்று. அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கொழம்புல போட்ட அப்புறமா வரையச் சொல்லு" என்றார். பெரியம்மா சிரித்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் அன்றுதான் முதல் சிரிப்பு. சாச்சி மீனின் கண்மேல் ஒரு கறிவேப்பிலையை வைத்து மூடிவிட்டு வரைந்தார். ஐம்பத்தாறாம் அட்டை.

இனி சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பதாம் நாள் சாச்சாவின் துணிமணி எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுக்கப் பெரியம்மா மூட்டை கட்டினார். இறந்தவர் பேரில் கொடுக்கிற சதக்கா. மூட்டை மாடிப்படியில் இருந்தது. அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"புள்ள. அந்த வெள்ளை முழுக்கைச் சட்டை. ஒண்ணே ஒண்ணு. உருவிக்குடு."

"பெரியம்மா எண்ணி வெச்சிருக்காங்க."

"எண்ணல. நான் பாத்தேன். குடு. யாருக்கும் சொல்லாத, அம்மாவுக்கும்."

உருவிக்கொடுத்தேன். இத்தாவுக்கு உடுத்துகிற வெள்ளைச் சேலையில் வண்ணம் பட்டால் கேள்வி வரும், அதனால் மேலே போட்டுக்கொள்ள என்றார். நம்பினேன். வரைகிற நேரம் வந்ததும் கதவைத் தாழ்போட்டு, முக்காட்டை எடுத்துவிட்டு, முடியை உச்சியில் சுருட்டிச் செருகிக்கொண்டு, அந்தச் சட்டையை மாட்டிக்கொள்வார். தோள் இரண்டு பக்கமும் தொங்கும். எல்லாப் பொத்தானும் போடுவார். அட்டை காய்வதற்குள் காலரை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். வண்ணத்துக்காக என்றால் காலர் எதற்கு மூக்குக்குப் போக வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. முடிந்ததும் சட்டையை மடித்துத் தகரப்பெட்டியின் அடியில் வைப்பார். வலது கைமுனையில் நிழல் மண் தோய்ந்து தோய்ந்து ஒரு பட்டையாகவே ஆகிவிட்டது.

நூற்றுப் பத்தாம் நாள் வியாழக்கிழமை. வறண்ட சாமானாகவே கொண்டுவந்து எனக்கு அலுத்திருந்தது. பெரியம்மா யாசீன் ஓதுகிற அன்று டீ ஊற்றுகிற பெரிய எவர்சில்வர் கெட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனேன்.

"யம்மா! இதையா?" என்று சாச்சி சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல எல்லாம் தெரியுதே. இது கெட்டில் இல்ல புள்ள, இது ஒரு ஊரு."

அன்றைக்கு அவர் வரைந்த வேகம் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. நீலமும் நிழல் மண்ணும் கலந்து ஓர் இழுப்பில் வயிறு, மூக்கு, வளைந்த கைப்பிடி. ஜன்னல் சட்டங்களுக்கு நாலு கீற்று. வயிற்றின் நடுவில் என்னவோ சிறிதாகத் தொட்டார். நான் பக்கத்தில் நின்று பிரெஞ்சு வீட்டுப்பாடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை. சாச்சி தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தார். "இது நல்லா வந்துடுச்சு" என்றார்.

அதே வாரம் குர்ஆன் ஓதப்போகிற இடத்தில் எங்கள் உஸ்தாதம்மா சதக்காவைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். கொடுக்கவென்று எடுத்து வைத்ததை எவராவது எடுத்துக்கொண்டால் அந்த நன்மை இறந்தவருக்குப் போய்ச் சேராது என்று நான் புரிந்துகொண்டேன். அவர் அப்படித்தான் சொன்னாரா என்று இப்போது உறுதியாகச் சொல்லமாட்டேன். சாச்சாவுக்கு ஒரு சட்டை அளவு நன்மை குறைந்துபோயிருக்கிறது. நான்தான் உருவிக்கொடுத்தவள். எழுபது நாளாகக் குறைந்துபோய்க்கொண்டே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது சாச்சி குளிக்கப் போயிருந்தார். பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து ஸ்கூல் பையில் திணித்துக்கொண்டேன். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். பள்ளிவாசல் வாசலில் அலுமினியத் தட்டோடு உட்காரும் ஒல்லியான கிழவர் ஒருவர் உண்டு. சாச்சாவின் இரண்டு லுங்கிகள் ஏற்கெனவே அவரிடம்தான் போயிருந்தன. சட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு ஓடினேன். பள்ளிக்கூடம் போகும் வழி முழுவதும் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்தேன். இந்த வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது பெரியத்தா கடைக்குப் போகாமல் முற்றத்தில் நின்றிருந்தார். பெரியம்மா கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில். அம்மா சமையல்கட்டு வாசலில். பெரியத்தா கையில் ஒரு சின்ன அட்டை. காற்றில் ஜன்னல் விளிம்பிலிருந்து முற்றத்தில் விழுந்திருக்கிறது. கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாருங்க. ஆளு நிக்குது" என்றார் பெரியம்மா மெல்லிய குரலில். "சட்டை. காலர். தலையில முக்காடு இல்ல. கெட்டில்ல எதிர்ல நிக்கிறதுதான தெரியும்? எதிர்ல யாரு நின்னான்?"

"தண்ணித் தொட்டி மோட்டார் ரிப்பேருக்கு ஒருத்தன் வந்தானே…" என்றார் பெரியத்தா.

"நேத்துதான். நான் படியிலயேதான் நின்னேன். குக்கர் விசில் அடிச்சிச்சேன்னு அடுப்பை அணைக்கப் போனேன். ரெண்டு நிமிஷம்… யா அல்லா, ரெண்டே நிமிஷம்." பெரியம்மா தன் கன்னத்தில் தானே அடித்துக்கொண்டார். அவர் பொல்லாதவர் இல்லை. தன் காவலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றுதான் அழுதார்.

எல்லோரும் மாடிப்படிக்குப் போனோம். கதவு பாதி சாத்தியிருந்தது. பெரியத்தா மூன்றாம் படியில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இந்தக் கெட்டில் படத்துல நிக்கிற ஆளு யாரும்மா?"

உள்ளேயிருந்து ஒரு சின்னச் சிரிப்பே கேட்டது. "அது நான்தான் மச்சான்."

"சட்டை போட்டிருக்கு."

"அவரு சட்டை. வரையறப்ப மேல போட்டுக்குவேன். சதக்கா மூட்டையிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டேன், அது தப்புதான். பொட்டி அடியில இருக்கு. அக்கா, நீங்களே எடுத்துப் பாருங்க."

பெரியம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அவர் நம்ப விரும்பினார். விறுவிறுவென்று உள்ளே போனார். பெட்டி மூடி திறக்கிற சத்தம். சேலைகளை எடுத்து வெளியே போடுகிற சத்தம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"இல்லியே" என்றார் பெரியம்மா.

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. சாச்சியின் ஒரு கண் தெரிந்தது. பெரியத்தாவைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்க்கவில்லை. படிக்கட்டுக் கீழே, ஸ்கூல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் வந்து நின்றது. எனக்கு முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சட்டை ஐந்து நிமிட ஓட்டத்தில் இருந்தது. ஓடிப்போய்க் கிழவரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரையில் ஓர் எறும்பு, சோற்றுப் பருக்கையை இழுத்துக்கொண்டு போயிற்று.

"அப்ப… இல்ல போல" என்றது சாச்சியின் குரல். கதவு சாத்திக்கொண்டது.

சதக்காவில் கைவைத்ததற்கும் பெட்டியில் திருடியதற்கும் சேர்த்து அடி விழும் என்ற பயம். சொல்லாதே என்று சொன்னாரே என்ற சாக்கு. இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்தன. எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறேன். பயம்தான் முதலில்.

பெரியத்தா சட்டதிட்டம் பார்க்கிற மனிதர். இத்தா முடிகிறவரை யாரையும் வீட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்பதால் அனுப்பவில்லை. இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஜன்னலின் மரச்சட்டங்களை மூடி ஆணி அடித்தார்கள். வண்ணப்பெட்டியைப் பெரியம்மா எடுத்துக்கொண்டார். அட்டை கட்டு வருவது நின்றது. அண்ணனுக்குப் போன் போயிற்று: நூற்றுமுப்பதாம் நாள் முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகவும். நல்லபடியாக முடிந்தால்தான் அறை என்று வாக்கு. நல்லபடியாக முடியவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. காரணத்தை மட்டும் பெரியத்தா அண்ணனிடம் சொல்லாமல் மறைத்தார். அதைப் பெரிய தயவு என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பத்தொன்பது நாள். என்னால் எந்த நாளிலும் சொல்லியிருக்க முடியும். நடுவில் வந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசல் வழியாகத்தான் போனேன். கிழவர் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். தட்டை நீட்டும்போது வலது கைமுனையில் பழுப்புப் பட்டை பளிச்சென்று தெரியும். சாச்சி சொன்னதற்கான சாட்சி அது. ஊர் முழுக்க ஆட்கள் அந்தத் தட்டில் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். பெரியத்தாவும் போட்டார். சாச்சாவின் துணியைத்தான் கிழவர் எப்போதும் போட்டுக்கொண்டிருந்தார், அதனால் யாருக்கும் கண்ணில் உறுத்தவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: மூட்டை, சட்டை, கிழவர். அம்மா அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி வைத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா."

"சொல்லாத."

"ஆனா சாச்சி…"

"அவங்களுக்கு இடம் பாத்தாச்சு. இனிமே நீ வாயத் திறந்தா அசிங்கம் நமக்கு. அத்தா அங்க இருக்காரு, நாம இங்க இவங்க நிழல்ல இருக்கோம். தலையில அடிச்சு சொல்றேன், பேசாத."

அம்மா பயப்படுகிறார் என்று நினைத்தேன். என் மேல் உள்ள பாசத்தில் காப்பாற்றுகிறார் என்றும் நினைத்தேன். சாச்சி போன மறுவாரம், பெரியத்தா எங்களைக் கூப்பிட்டு மாடி அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அம்மா ஏற்கெனவே திரைத்துணி தைத்து வைத்திருந்தார். ஜன்னல் ஆணிகளைப் பிடுங்கினோம். அந்த அறையில், அந்த மேசையில்தான் நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தேன். நல்ல மார்க் வாங்கினேன். மேற்கு வெயில் மேசையைக் கடக்கிற நேரத்தில் மட்டும் எழுந்து கீழே போய்விடுவேன். அம்மாவிடம் இன்றுவரை இதைப் பற்றி நான் கேட்டதில்லை, கேட்டாலும் திரைத்துணி பழையது என்றுதான் சொல்வார்.

சாச்சி போன நாளைப் பற்றி அதிகம் இல்லை. புதன்கிழமை. கறுப்பு புர்கா, ஒரு தகரப்பெட்டி, வாசலில் அண்ணன் கொண்டுவந்த கார். பெரியம்மா கட்டிப்பிடித்து அழுதார். சாச்சி அழவில்லை. என் தலையில் கையை வைத்து ரிப்பன் முடிச்சைச் சரிசெய்தார். "மத்தி மீன்ல முள்ளு பாத்துச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். பேரீச்சம்பழ டப்பாவை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. நூற்றொன்பது அட்டைகள். பழைய பேப்பர்காரர் வந்த அன்று பெரியம்மா டப்பாவோடு போட்டுவிட்டார். பூண்டு, இஞ்சி, சாவி, கண்ணில் இலை வைத்த மீன், எல்லாம் தராசில் ஏறிப் போயிற்று.

போன மாதம் பெரியம்மா மவுத்தாகிவிட்டார். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். அவருடைய பீரோவைக் காலி செய்யும்போது, அவர் யாசீன் ஓதுகிற கிதாபுக்குள் நூற்றுப் பத்தாம் அட்டை இருந்தது. ஏன் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. தப்புக்கு ஆதாரமாக வைத்திருக்கலாம். அவ்வப்போது எடுத்துப் பார்த்து, ஆணா பெண்ணா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த அட்டையை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். கெட்டிலின் வயிற்றில் நிழல் மண்ணால் ஒரு தலை. அதற்குக் கீழே சட்டை. சட்டை வரையப்பட்டதே இல்லை, அட்டையின் தந்த நிறத்தை அப்படியே விட்டு, காலருக்கு மட்டும் இரண்டு கீற்று. ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவைத்தது வண்ணமே படாத ஓர் இடம். முகத்துக்கு இன்னும் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால், மூக்குத்தியை ஒரு புள்ளியாவது வைத்திருந்தால் என்று எனக்குத் தோன்றிய நேரம் உண்டு. ஆனால் முகம் வரையக்கூடாது என்பதும் அந்த வீட்டுச் சட்டம்தானே.

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினேன். அந்த உருவத்துக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு பச்சைக் கீற்று. அதன் உச்சியில் சிவப்பாக ஒரு துளி.

பினபோர். ரிப்பன். நான்.

அத்தனை பேரும் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆணைத் தேடினார்கள், ஆணைக் கண்டுபிடித்தார்கள். பச்சையை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், இந்தப் புள்ள கூடவே நின்றிருக்கிறாளே, இவளைக் கேட்போம் என்று என்னைக் கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நிச்சயம் சொல்லியிருப்பேன். இப்படி இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழியை அவர்களுடைய கண்ணில் கொண்டுபோய் வைக்க நல்ல வழியாக இருந்தது.

பெரியம்மா மவுத்துக்கு விசாரிக்கச் சாச்சி அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். அந்த எண்ணை எடுத்து, அட்டையின் படத்தை அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'சாச்சி, சட்டையை எடுத்தது நான்தான். அந்தக் கிழவருக்குக் குடுத்துட்டேன். இந்தப் பச்சைய யாராவது பாத்திருந்தா உங்களை அனுப்பியிருக்க மாட்டாங்க.'

இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது. பதில் மறுநாள் அஸர் நேரத்துக்கு வந்தது.

'உன் முகத்தப் பாத்தப்பவே தெரியும் புள்ள. பச்சை அவங்க கண்ணுல பட்டுடக்கூடாதேன்னுதான் கதவுக்குப் பின்னாடி நின்னு துவா கேட்டுக்கிட்டு இருந்தேன். உன்னை உரிச்சிருப்பாங்க.'

அதற்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று: 'கைப்பிடி கோணல். இப்பத்தான் பாக்குறேன்.'

கெட்டில் இப்போது என் மேசைமேல் இருக்கிறது, பீரோவோடு வந்தது. வயிற்றில் நான் தெரிகிறேன். தூரிகையை நனைத்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்கிறேன். வெயில் மேசையைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடுகிறது.